மலை ஏறப் போனாலும்...

எங்கள் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. 2019 நவம்பர் 26-ம் தேதி விழுப்புரத்திலிருந்து பாகம் பிரித்துத் தனிக்குடித்தனம் வந்தபோது, மரக்காணம் கடற்கரையை மூத்தவர் வைத்துக்கொண்டார். கல்வராயன் மலை எங்கள் பங்குக்கு வந்தது. பாகப் பிரிவினையில் தம்பிக்கு மேட்டு நிலம் வருவது ஊர் வழக்கம்தானே! ஆகவே, கள்ளக்குறிச்சிக்காரன் ஒருத்தன் கடலுக்கடியில் போய் வந்த கதையை எழுதுகிறான் என்றால் நீங்கள் சந்தேகப்படுவது நியாயம். என் சகதர்மிணியே இன்னும் முழுசாக நம்பவில்லை.

ஆரம்பித்து வைத்தது என் மகள். பன்னிரண்டு வயசு. ஒருநாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, நான் நீச்சல் கத்துக்கப் போறேன்" என்றாள்.

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

இந்த 'வேணாம்'க்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. எனக்கு ஒன்பது வயசாக இருந்தபோது, என் பெரியப்பா மகன் அதில் இறங்கினான். என்னைவிட மூணு வயசு மூத்தவன். நான் மேலே சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் சட்டையை. ஊரில் முங்குவதற்கென்றே ஒரு பெரியவர் உண்டு. கிணற்றில் குடம் விழுந்தால் பாதாளக் கரண்டி, மனுஷன் விழுந்தால் அவர். இரண்டு தடவை மூச்சடக்கிப் போய் வெறுங்கையோடு வந்தார். மூணாவது தடவை வெறுங்கையோடு வரவில்லை. அதற்குமேல் சொல்ல வேண்டாம்.

அன்றிலிருந்து என் அம்மா என்னைத் தண்ணீர்ப் பக்கமே விட்டதில்லை. கோமுகி அணைக்குப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனால்கூட எனக்குக் காய்ச்சல் வந்துவிடும், அம்மாவே வரவழைப்பாள். அம்மா எனக்குக் கொடுத்த பயத்தை நான் பத்திரமாக வைத்திருந்து மகளுக்குக் கொடுத்தேன். நகை நட்டு மாதிரி.

*

இந்தச் சமயத்தில்தான் மச்சினன் வந்து சேர்ந்தான். என் மனைவியின் தம்பி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் வாத்தியார் வேலை. லீவு விட்டால் கடலுக்கு அடியில் இருப்பான்.

அவன் இதில் எப்படி விழுந்தான் என்பது தனிக் கதை. தேனிலவுக்கு அந்தமான் போனான். ஹேவ்லாக் தீவு என்று இருந்ததே, 2018-லிருந்து ஸ்வராஜ் தீவு, அங்கே. ஜோடியாக ஸ்கூபாவுக்குப் பணம் கட்டியாயிற்று. கடைசி நிமிஷத்தில் புதுப்பெண், "நீங்க போய்ட்டு வாங்க" என்று கரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டின பணம் வீணாகக்கூடாதே என்று இறங்கினான். மேலே வந்ததும் இன்னொரு தடவைக்குப் பணம் கட்டினான். இப்போது சர்ட்டிபிகேட் எல்லாம் வாங்கியாயிற்று.

நான் விசாரித்த வரையில், பெரிய ஆசாமிகளும் இப்படி எதையோ தேடிப் போய் இதில் விழுந்தவர்கள்தான். பிரெஞ்சுக் கடற்படையில் ழாக் கூஸ்டோ என்று ஒருவர். விமானியாக ஆசை. 1936-ல் கார் விபத்தில் கை முறிந்து ஆசை போச்சு. கை தேறுவதற்காகக் கடலில் நீந்தினார். பிலிப் தாய்யே என்ற நண்பர் ஒரு நீச்சல் கண்ணாடியைக் கொடுத்தார். மாட்டிக்கொண்டு தலையை உள்ளே விட்டவர், ஆயுசு பூரா வெளியே எடுக்கவில்லை! வியன்னாவின் ஹான்ஸ் ஹாஸ், 1937-ல் பிரெஞ்சுக் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போன மாணவர். அங்கே கை கில்பாட்ரிக் என்ற அமெரிக்க எழுத்தாளர் முங்கி முங்கி மீன் குத்துவதைப் பார்த்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

ஸ்கூபா என்பது பெயரே இல்லை. ஐந்து ஆங்கில வார்த்தைகளின் தலையெழுத்து. தன் காற்றைத் தானே சுமந்துபோகும் கருவி என்று அர்த்தம். யுத்த காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது நம் ஊரில் கரிவாயு பஸ் ஓடியது தாத்தாக்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும். அதே தட்டுப்பாடு பிரான்ஸிலும். அங்கே எமில் காக்னான் என்ற இன்ஜினீயர், காருக்குத் தேவைப்படும்போது மட்டும் வாயு விடுகிற ஒரு வால்வு செய்தார். கூஸ்டோ கேட்டார்: "காருக்குப் பதில் மனுஷனுக்கு விட்டால் என்ன?" 1943-ல் பிறந்தது இன்றைய ஸ்கூபா. இழுத்தால் காற்று வரும், இழுக்காவிட்டால் வராது. மாப்பிள்ளைக்குச் சீர் மாதிரி.

*

மச்சினனிடம் மகள் பிராது கொடுத்தாள். அவன் என்னிடம் வந்தான்.

"மாமா, ஒரு தடவை நீங்க உள்ள எறங்கிப் பாருங்க. அப்புறமும் வேணாம்னு தோணிச்சுன்னா, நான் வாயத் தொறக்கல."

"எனக்கு நீச்சலே தெரியாதேப்பா!"

"முதல் தடவை சும்மா போய்ப் பாக்கறதுக்கு நீச்சல் தெரியவேணாம். சொல்லிக் குடுக்கறவர் புடிச்சிக்கிட்டே வருவாரு. கோர்ஸ் படிச்சு சர்ட்டிபிகேட் வாங்கறதுக்குத்தான் எறநூறு மீட்டர் நீந்திக் காட்டணும், பத்து நிமிஷம் மெதந்து காட்டணும். பத்து வயசு ஆனா புள்ளைங்களே கத்துக்கலாம் மாமா."

மகள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் 'பயமாயிருக்கு' என்று எந்த அப்பாதான் சொல்லுவான்? சரி என்றுவிட்டேன். மனைவி அன்று ராத்திரியே மாரியம்மன் கோயிலில் மந்திரித்த சிவப்புக் கயிறு ஒன்றை என் மணிக்கட்டில் கட்டினாள்.

பாண்டிச்சேரி நூறு கிலோமீட்டருக்கு மேல். வழி முழுக்க மச்சினன் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தான். தூத்துக்குடியில் முத்துக்குளிக்கிறவர்கள் சிலிண்டரும் இல்லாமல் கருவியும் இல்லாமல், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்களாம். மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொள்வது யார் தெரியுமா? பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்! அக்கா தாலி கையில் இருக்கிறது என்றால், எவன்தான் கயிற்றை விடுவான்? இது அந்தப் பக்கத்தில் பரம்பரையாகச் சொல்லும் பேச்சு. 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்குக் குளிப்பு உண்டு.

"நானும் உங்களுக்கு அதே முறைதானே மாமா?" என்றான்.

அக்காவிடம் இவனுக்கு எவ்வளவு பாசம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

*

முதலில் ஒரு பாரம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, நெஞ்சு வலி உண்டா, சளி உண்டா என்று சம்பந்தி வீட்டார் மாதிரி கேள்விகள். அடுத்து இடுப்பளவுத் தொட்டியில் பாடம்.

சொல்லிக்கொடுத்த தம்பிக்கு என் பையன் வயசுதான் இருக்கும். "ஸார், இது ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்ல. நாம மூச்சுவிடற சாதாரணக் காத்துதான், எறநூறு மடங்கு அழுத்தி அடைச்சிருக்கு. உள்ள ஒரே ஒரு சட்டம்: மூச்சை அடக்கக்கூடாது. பத்து மீட்டர் ஆழத்துல அழுத்தம் ரெண்டு மடங்கு. அங்க நெஞ்சு நெறயக் காத்தை இழுத்து அடக்கிக்கிட்டு மேல வந்தீங்கன்னா, காத்து ரெண்டு பங்கா விரியும். நுரையீரல் கிழிஞ்சிடும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிணற்றில் அந்தப் பெரியவர் மூச்சடக்கிப் போனதுதான் எனக்குத் தெரிந்த முங்கு வித்தை. (அவர் மேலே இழுத்த மூச்சு; கீழே போனால் சுருங்கும், வந்தால் பழைய அளவு. சிலிண்டர்க்காரனுக்குத்தான் ஆபத்து என்று பிற்பாடு புரிந்தது.) இங்கே, மூச்சடக்கினால் ஆபத்து, விட்டால் பிழைப்பு!

அப்புறம் சைகைப் பாடம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் காட்டினால் 'நலம்'. நம் தட்சிணாமூர்த்தியின் சின்முத்திரை. கட்டை விரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்'.

இடுப்பில் ஈயக் கட்டி, முதுகில் சிலிண்டர். காசு கொடுத்து மூழ்குவதற்கு இத்தனை ஏற்பாடு! படகிலிருந்து இறங்கினோம். ஒரு மீட்டர் போனதும் காதில் கடப்பாரை குத்தியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினேன், 'டொப்'பென்று விட்டது. அடுத்த மீட்டருக்கு மறுபடி ஊதல். எட்டு மீட்டரில் கால் மணலில் பட்டது.

மச்சினன் என் கையைப் பிடித்திருந்தான். எதிரே ஒரு மீன் வந்து நின்று என்னைப் பார்த்தது. எல்லாம் பெரிசாக, கிட்டத்தில் தெரிந்தது. தண்ணீருக்குள் எதுவுமே மூணில் ஒரு பங்கு பெரிசாகத்தான் தெரியுமாம். மீன் பிடித்தவர்கள் சொல்லும் அளவுகளின் ரகசியம் இதுதானோ! உற்சாகத்தில் 'சூப்பர்' என்று கட்டை விரலை உயர்த்தினேன். அந்தத் தம்பி உடனே என்னை மேலே கிளப்ப ஆரம்பித்தான். அவசரமாகச் சின்முத்திரைக்கு மாறினேன்.

அப்போதுதான் மணிக்கட்டைப் பார்த்தேன். மாரியம்மன் கயிறு சிவப்பாக இல்லை. கறுத்துப்போயிருந்தது!

அபசகுனம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு தானாக அடங்கப் பார்த்தது. மச்சினன் என் முகத்தைப் பார்த்துக் கையை அழுத்தினான். தன் வாயிலிருந்து குமிழிகளை மெதுவாக விட்டுக் காட்டினான். இழு... விடு... இழு... விடு... நானும் விட்டேன். குமிழிகள் மேலே போயின. மேலே வெளிச்சம். சுற்றிலும் மணல், அமைதி. இத்தனை வருஷமாக நான் பயந்த இடம் இதுதானா? அவன் கடைசியாகப் பார்த்ததும் இப்படி ஒரு வெளிச்சத்தைத்தானா? கண்ணாடிக்குள் கண் கலங்கினால் துடைக்க முடியாது என்று அந்தத் தம்பி சொல்லிக்கொடுக்கவில்லை.

மேலே வந்து பார்த்தால் கயிறு பழையபடி சிவப்பு. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தானாம். மாரியம்மனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

*

கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மலையில் மாமியார் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துக் காத்திருப்பதாக போன். கச்சிராயபாளையம் தாண்டினால் மலைப்பாதை. நான் வண்டியை விட்டு இறங்காமல், "நேரா மேலயே விடுப்பா" என்றேன்.

"இன்னிக்கு மலை ஏறக்கூடாது மாமா" என்றான் மச்சினன்.

ஆழத்தில் சுவாசித்த காற்றிலிருந்து நைட்ரஜன் கொஞ்சம் உடம்பில் கரைந்திருக்குமாம். மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உள்ளேயே குமிழி கட்டலாம். அதனால்தான் ஒரு தடவை முங்கினவர்கள் 12 மணி நேரம், பல தடவை முங்கினவர்கள் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். மலையையும் யோசித்துத்தான் ஏற வேண்டும். "நம்ம மலை ரெண்டாயிரம், மூவாயிரம் அடி. எட்டு மீட்டருக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது. ஆனாலும் எதுக்கு வம்பு? காலைல போலாம்."

மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேணும் என்று பெரியவர்கள் எதற்குச் சொன்னார்களோ, எனக்கு இதற்குத்தான் சொன்ன மாதிரி இருந்தது. கோழிக் குழம்புக்குப் பதில் ரவா உப்புமா. மனைவி முகத்தில் நம்பிக்கை இல்லை. "மலை ஏறினா குமிழி வருமாம்... எங்கம்மா வீட்டுக்குப் போகாம இருக்க இப்படி ஒரு சாக்கா?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் கிணறு. மகளின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு. தண்ணீருக்குள் மச்சினன். படியில் நான், கயிற்றின் மறுமுனையை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தேன். "காலை அடி... கையை வீசு... ஆங், அப்படித்தான்" என்று அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் மகளைப் பார்க்கவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா!"

"என்னப்பா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. கயித்தக் கொஞ்சம் லூசா விடுங்க. அது நீந்த ஆரம்பிச்சு நாலு நிமிஷம் ஆச்சு."