எரிகாயத்துக்குத் தண்ணீர் எதிரியல்ல

சல்லியிலும் சரி, உப்புவெளியிலும் சரி, குப்பி விளக்கு சரிந்தோ கொதிநீர் கொட்டியோ ஒருவருக்குச் சுட்டுவிட்டால் முதலில் எழும் குரல் இதுதான்: “தண்ணி பட விடாதேங்கோ, சீழ் பிடிச்சிடும்.” பிறகு பற்பசை வரும், முட்டை வெள்ளைக்கரு வரும், கப்சூலை உடைத்துத் தூவும் பொடியும் வரும். நாலு நாளில் மேலே கறுத்துக் காய்ந்து பொருக்குக் கட்டினால் “ஆறுது” என்று வீடே மூச்சு விடும். சிறு காயமென்றால் தப்பிவிடலாம். ஆழமாக எரிந்தவரை இந்த நம்பிக்கை சாகடிக்கிறது.

ஆழமாக எரிந்த தோலில் இரத்தக் குழாய்கள் உறைந்து அடைபட்டுவிடும். மேலே கிடப்பது செத்த தோல். சூடும் ஈரமும் புரதமும் நிறைந்த அது கிருமிக்கு நல்ல தீனி. முதல் நாட்களில் நம்முடைய தோலின் மயிர்க்கால்களுக்குள் ஒளிந்திருந்த ஸ்டஃபிலோகொக்கஸ் தலையெடுக்கும். சில நாள் கழித்து சூடோமோனாஸ் வரும், பச்சைச் சீழோடும் ஒருவித இனிப்பு வாடையோடும். தண்ணீர் படாமல் பொத்திப் பாதுகாத்த பொருக்கின் அடியில்தான் இவை பெருகுகின்றன.

பெரியவர்களின் பயம் முழுக்க வெறும் பயம் என்று நான் சொல்லமாட்டேன். சூடோமோனாஸ் ஈரத்தில் வாழும் கிருமி. வாளியில் தேங்கிய பழந்தண்ணீரிலும் ஈரத் துணியிலும் இருக்கக்கூடும். அந்தப் பயத்துக்கு மருந்து சுத்தமான தண்ணீர். சுட்ட உடனே குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடவிட வேண்டும். முதல் 3 மணித்தியாலத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. பெரிய காயமென்றால், அதுவும் குழந்தையென்றால், உடம்பின் மற்றப் பகுதி குளிர்ந்துபோகாமல் போர்த்தியபடி செய்ய வேண்டும். பிறகு சுத்தமான துணியால் மூடிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

காய்ந்த பொருக்கே காவல் என்று ஒரு காலத்தில் மருத்துவமும் நம்பியது. 1925இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் எட்வர்ட் டேவிட்சன் டானிக் அமிலம் பூசி எரிகாயத்தைத் தோல் பதனிடுவதுபோல் இறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். உலகமே அதைப் பின்பற்றியது. இரண்டாம் உலகப் போர் அதன் குறையைக் காட்டியது. எரிந்த விமானிகளின் விரல்கள் அந்த ஓட்டுக்குள் விறைத்தன, அடியில் சீழ் கட்டியது. இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ ஒன்றைக் கவனித்தார்: தரையில் விழுந்தவர்களைவிடக் கடலில் விழுந்த விமானிகளின் காயங்கள் நன்றாக ஆறின. அவர் டானிக் அமிலத்தைக் கைவிட்டு இளஞ்சூடான உப்புநீர்த் தொட்டியில் நோயாளிகளை இறக்கினார். நம் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியக் குண்டுகள் விழுந்து எண்ணெய்த் தாங்கி நாட்கணக்கில் எரிந்த அதே காலத்துப் பாடம் இது. இதைப் படித்துவிட்டு யாரும் காயத்தைக் கடலில் நனைக்க வேண்டாம். மெக்கிண்டோவின் தொட்டியில் இருந்தது அளந்து கலந்த சுத்தமான உப்புநீர். கடலிலோ புண் வழியே இரத்தத்தில் இறங்கக்கூடிய விப்ரியோ கிருமிகள் உண்டு.

பொருக்கு நம்பிக்கையின் தங்கை இன்னொன்று: “அன்டிபயோட்டிக் ஊசி போட்டால் சீழ் பிடிக்காது.” இரத்தம் ஓடாத தோலுக்குள் ஊசி மருந்து எப்படிப் போய்ச் சேரும்? அதனால்தான் வெள்ளி சேர்ந்த களிம்பைக் காயத்தின் மேலேயே பூசுகிறார்கள். அதனால்தான் செத்த தோலை முதல் நாட்களிலேயே சீவி எடுத்துவிட்டு ஒட்டுத்தோல் வைக்கிறார்கள். 1970இல் அதை உலகுக்குக் காட்டியவர் மாரிபோர் நகரத்து ஸோரா யான்செகோவிச். நோயின் அடையாளமே இல்லாமல் முதல் நாளே போடும் ஊசி கிருமியைத் தடுக்காது, மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்க்கும். உண்மையில் தொற்று இறங்கும் நாளில் அந்த மருந்து கைவிடும்.

“காய்ச்சல் அடிக்குது, ஏன் மருந்து மாத்தேல்லை?” என்று டொக்டரோடு சண்டை பிடிப்பவர்களுக்கும் ஒரு சொல். பெரிய எரிகாயத்தில் உடம்பு தன் சூட்டையே உயர்த்தி வைத்துக்கொள்ளும், 38.5 பாகை தொற்றே இல்லாமலும் வரும். மேலே பஞ்சால் துடைத்துச் சோதித்தால் கிருமி இருக்கவே செய்யும். அது தோலின் மேல் குடியிருக்கிறதா, உயிருள்ள சதைக்குள் இறங்கிவிட்டதா என்பதுதான் கேள்வி. அதைச் சொல்வது துண்டு சதை எடுத்துச் செய்யும் பரிசோதனை. அதைவிட முந்திச் சொல்வது தினமும் காயத்தைத் திறந்து பார்க்கும் கண். நேற்று சிவந்திருந்த இடம் இன்று ஊதாவாகவோ கறுப்பாகவோ புள்ளி விட்டிருக்கிறதா? ஆழமில்லாத காயம் ஆழமாகிவிட்டதா? சுற்றியுள்ள நல்ல தோல் சிவந்து வீங்குகிறதா? சூடு 36.5க்குக் கீழே இறங்கி, ஆள் பிதற்றி, உணவு வயிற்றில் நில்லாமல் போனால் காய்ச்சலைவிட அதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

கட்டை அவிழ்த்துக் கழுவும்போது பிள்ளை கத்துவதைத் தாங்க முடியாமல் “இண்டைக்கு விடுங்கோ மிஸ்” என்று கெஞ்சும் தாய்மாரை எனக்குத் தெரியும். அந்த வலி உண்மையானது. அதற்குக் கேட்க வேண்டியது மோர்ஃபின் போன்ற வலி மருந்து. கழுவுவதற்கு முன்னதாகவே, போதிய அளவில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கழுவுவதை மட்டும் ஒரு நாளும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.