யார் கடன்காரன்? சேரி மன்றங்களின் கணக்கு

‘சேரிப் பயலுக மன்றம் வச்சா கடன்தான் மிஞ்சும்’ என்கிற பேச்சு மதுரைச் சீமையில் ஒரு பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. ஊராட்சி அலுவலகத் திண்ணையில் கேட்கலாம். டீக்கடையில் கேட்கலாம். நமக்காகப் பேசுகிறோம் என்று சொல்கிற கட்சி அலுவலகங்களில்கூடக் கேட்கலாம். மைக்செட்டுக்காரருக்குப் பாக்கி, பந்தலுக்குப் பாக்கி, பனியன் அச்சடித்த கடைக்குப் பாக்கி. அம்பேத்கர் பேரை வைத்துக்கொண்டு இப்படிக் கடன் வைக்கலாமா என்று நமக்கே புத்தி சொல்ல வருகிறார்கள்.

பாக்கி இருந்தது. நான் மறுக்க வரவில்லை. ஆனால் கணக்கு என்று ஆரம்பித்துவிட்டால் வரவு, பற்று ரெண்டு பக்கத்தையும் வாசிக்க வேண்டும். சேரியின் பற்றை மட்டும் சத்தமாக வாசித்துவிட்டு நோட்டை மூடுகிற பழக்கம் இவர்களுக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. நாம் அந்த நோட்டைத் திறந்து மறுபக்கத்தையும் வாசிப்போம்.

முதலில் எங்கள் மன்றத்தின் கணக்கு. மேலூர்ப் பக்கத்துச் சேரி ஒன்றில் 2015 ஏப்ரல் 14க்கு நாங்கள் கபடிப் போட்டி வைத்தோம். பரிசுத் தொகை நாலும் சேர்த்து 25,000. பந்தல், மைக்செட், லைட் 9,000. வந்த அணிகளுக்குச் சாப்பாடு 8,000. மணல் கொட்டித் திடல் கட்ட 3,000. எங்க பயலுக பனியனுக்கு 4,900. ஆக 49,900 ரூபாய். வரவு என்று பார்த்தால் 32 அணிகளின் நுழைவுக் கட்டணம் 9,600, சேரியில் வீடு வீடாகப் போய் ரசீது கிழித்தது 11,400. மொத்தம் 21,000. மிச்சத்துக்கு ஊராட்சியிலிருந்து 10,000 தருகிறோம் என்றார்கள். ஒரு கட்சிப் பிரமுகர் 15,000 தருகிறேன் என்று மேடையிலேயே மைக்கைப் பிடித்து அறிவித்தார். கைதட்டினோம். ரெண்டும் வரவில்லை. கேட்கப் போனபோது, ‘என்னப்பா, ஒங்களுக்கு நேரங்காலமே கெடையாதா’ என்றார்கள்.

பத்து வட்டிக்கு 30,000 வாங்கினோம். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் நானும் ஒருவன். மாசம் 3,000 வட்டி. 14 மாசத்தில் வட்டி மட்டும் 42,000. முதலோடு சேர்த்து 72,000. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் பேரைச் சொல்லி வட்டிக்காரரிடம் பேசிப் பார்க்கிற ஆள் இன்னும் எங்க பக்கம் பிறக்கவில்லை. அணியில் பாடிப்போன பயலுக மூணு பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் அந்தப் பணத்தை அடைத்தார்கள். அடுத்த வருசம் அணியே இல்லை. இதுதான் ‘கடன்காரப் பயலுக’ கதை. கடன் வாங்கினோம், கட்டினோம். கட்டாதவர்கள் மேடையில் சொன்ன வாக்கைக் கட்டாதவர்கள். அவர்களை யாரும் கடன்காரன் என்று சொல்வதில்லை, ‘பெரியவர்’ என்றுதான் சொல்கிறார்கள்.

அதே ஊராட்சியில் ஊர்க்காரர்களின் மன்றத்துக்குப் புறம்போக்கில் கட்டடம் இருக்கிறது. கரண்டு இருக்கிறது. திடல் இருக்கிறது. அவர்கள் போட்டிக்குத் திடலைச் சமப்படுத்த ஊராட்சியே ஆள் விடும். அந்தத் திடலுக்குப் பேர் ‘பொதுத் திடல்’. அதில் நம்ம பயலுக காலையில் இறங்கினால் ‘யார்றா அது’ என்று ஒரு குரல் வரும்.

இந்தப் ‘பொது’ என்கிற சொல்லைத்தான் நாம் கட்டுடைக்க வேண்டியிருக்கிறது. செலவு செய்கிறபோது ‘பொது’ என்பதற்குள் நாமும் இருப்போம். அனுபவிக்கிறபோது ‘பொது’ என்றால் ஊர். பணம் வாங்குவதற்குக் காட்டுகிற தலைக்கணக்கில் நாம் உண்டு. பந்தை எடுத்துக்கொண்டு இறங்குகிற கால்கணக்கில் இல்லை.

இது கிராமத்துத் தகராறு மட்டும்தானா? தில்லியைப் பாருங்கள். 2010இல் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. தலித்துகளின் மேம்பாட்டுக்கென்று மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்க வேண்டிய சிறப்புக் கூறு நிதியிலிருந்து 744 கோடி ரூபாயை, 2006-07 முதலான ஐந்து ஆண்டுகளில், தில்லி அரசு விளையாட்டுச் செலவுகளுக்குத் திருப்பிவிட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வாங்கிய கணக்குகள் காட்டின. அந்த ஆண்டு ஆகஸ்டில், நம்ம பக்கத்துச் சிவகங்கைத் தொகுதியிலிருந்து போன, அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம், நிதி திருப்பப்பட்டதாகத்தான் தெரிகிறது என்று மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. நினைத்துப் பாருங்கள். உதவித்தொகைக்கும் விடுதிக்கும் வீட்டுக்கும் போக வேண்டிய பணம் அரங்கத்துக்குப் போயிருக்கிறது. மேம்பாலத்தில் தலித்தும் போவான், விளக்கு வெளிச்சத்தில் தலித்தும் நடப்பான், ஆகவே அதுவும் தலித் மேம்பாடுதான் என்பது அதிகாரிகளின் தர்க்கம். உலக நாடுகளெல்லாம் வந்து ஓடிய ஓட்டத்துக்குச் சேரி கடன் கொடுத்திருக்கிறது. பத்து வட்டி போடாத கடன். பத்திரம் எழுதாத கடன். நம்மைக் கேட்காமலே வாங்கிய கடன்.

இந்தச் சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இல் தொடங்கியது. இந்த நிதியைத் திருப்பக் கூடாது, காலாவதியாக விடக் கூடாது என்று திட்டக்குழுவே வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. வழிகாட்டுதல் காகிதத்தில் இருந்தது, பணம் வேறெங்கோ இருந்தது. 2013இல் ஆந்திரம் இதற்கென்று சட்டம் செய்தது. தமிழ்நாடு 2024இல்தான் செய்தது. சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிற நாட்டில் 11 வருசம் பிந்தி வந்த சட்டம் இது. வந்ததை வரவேற்போம். ஆனால் சட்டத்தை வாசிக்கிறபோது ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒவ்வொரு வார்டிலும் கணக்கு கேட்கிற ஆள் நாமாக இருந்தால்தான் அது சட்டம். இல்லையென்றால் அதுவும் ஒரு வழிகாட்டுதல்தான்.

இனி மதுரைக்கு வருவோம். அலங்காநல்லூர் பக்கத்தில் கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஏறுதழுவுதல் அரங்கம் திறந்தார்கள். 66 ஏக்கருக்கு மேல் நிலம், 62 கோடிக்கு மேல் செலவு. அதில் நம்ம நிதி போனது என்று நான் சொல்ல வரவில்லை. என் கேள்வி வேறு. மாட்டுக்கு 66 ஏக்கர் எடுக்க முடிகிற அரசுக்கு, சேரிப் பிள்ளைகள் கபடி ஆட 13 மீட்டர் நீளம் 10 மீட்டர் அகலம் உள்ள ஒரு துண்டு நிலம் ஏன் கண்ணில் படவில்லை? தமிழர் வீரம் என்று 2017இல் தமுக்கம் மைதானத்தில் ராப்பகலாக உட்கார்ந்தவர்களில் நம்ம பிள்ளைகளும் இருந்தார்கள். அப்போது ‘தமிழன்’. வாடிவாசலுக்கு வந்ததும் எந்தத் தமிழன் என்ற கேள்வி வந்துவிடுகிறது. அவனியாபுரத்தில் விழாக் குழுவில் யார் யார் இருப்பது என்கிற சண்டை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை போய், 2020இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டு மாட்டை அவிழ்க்க வேண்டியிருந்தது. பண்பாட்டுக்குக் காவல் காக்க நீதிபதி வேண்டியிருக்கிறதென்றால், அந்தப் பண்பாடு யாருக்குச் சொந்தமாக வைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கவில்லையா?

மாநகராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவும் விளையாட்டுத் திடலும் நகர உள்ளாட்சிகளின் வேலை என்று அரசியல் சட்டத்தின் 12ஆம் அட்டவணை சொல்கிறது. காசில்லை என்கிறார்கள். 2025இல் என்ன வெளியே வந்தது? மதுரை மாநகராட்சியில் கட்டடங்களுக்குச் சொத்து வரியைக் குறைத்துப் போட்ட மோசடி. கைதுகள் நடந்தன. மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். வரிப் பாக்கி வைத்த கட்டடத்துக்காரரை எந்த டீக்கடையிலாவது ‘கடன்காரப் பயல்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 3,000 ரூபாய் பந்தல் பாக்கிக்கு அம்பேத்கர் பேரையே இழுக்கிற நாக்கு அங்கே ஏன் மடங்கிக்கொள்கிறது?

விளையாட்டு மன்றம் என்பதே சாதியின் ஒரு வடிவமாகத்தான் இந்த நாட்டில் வளர்ந்தது. பம்பாயில் பார்சிக்கு ஒரு ஜிம்கானா, இந்துவுக்கு ஒரு ஜிம்கானா, முஸ்லிமுக்கு ஒன்று என்றுதான் கிரிக்கெட் ஆடினார்கள். சமார் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்துக்குப் போய் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்து அணிக்கு அவர் பந்து வேண்டும். ஆனால் பூனாவில் ஆட்ட இடைவேளையில் அவருக்குத் தேநீர் வெளியே, மண் கோப்பையில். அணித்தலைவர் பதவி அவருக்குக் கடைசிவரை இல்லை. 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. கடல் கடந்த டிரினிடாடிலும் இதே கதை. அங்கே கிரிக்கெட் மன்றங்கள் தோலின் நிறத்தை வைத்துப் பிரிந்திருந்ததை சி.எல்.ஆர்.ஜேம்ஸ் எழுதியிருக்கிறார். வெள்ளையருக்கு ஒன்று, மாநிறத்து நடுத்தர வர்க்கத்துக்கு ஒன்று, ஒன்றுமில்லாத கறுப்பருக்கு ஒன்று. வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு ஒரு முழுத் தொடருக்கும் கறுப்பர் ஒருவர் தலைவராக 1960 ஆகிவிட்டது. உழைப்பை வாங்கிக்கொள்வது, தலைமையைத் தராமல் வைப்பது: எல்லா நிலத்திலும் ஆதிக்கம் ஆடுகிற ஆட்டம் ஒன்றுதான்.

நம்ம பக்கத்தில் அது இன்னும் பச்சையாக நடக்கிறது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போன பதினொன்றாம் வகுப்புத் தலித் மாணவனை வழிமறித்து இறக்கிக் கைவிரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் அவன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். பேனா பிடிக்கிற விரல், எதிராளியைப் பிடிக்கிற விரல். தோற்றிருந்தால் ‘நல்லா ஆடினான்’ என்று முதுகில் தட்டியிருப்பார்கள். ஆகவே தோழர்களே, இந்தப் பிரச்சினை பனியனுக்கும் பந்துக்கும் காசு கேட்கிற பிரச்சினை மட்டும் இல்லை. ஜெயிக்கிற உரிமை நமக்கு உண்டா என்கிற பிரச்சினை.

இந்த இடத்தில் நமக்குள்ளேயே ஒரு விவாதம் வேண்டும். ‘காலனிக்குத் தனித் திடல் கொடுங்க’ என்று மனுக் கொடுக்கிறோம். அதிகாரிக்கு இந்த மனு ரொம்பப் பிடிக்கும். தனிச் சுடுகாடு, தனித் தண்ணித் தொட்டி, தனி ரேசன் கடை, இப்போது தனித் திடல். ஓடைக்கரையில் முள்ளுக்காட்டைக் காட்டி, அதற்கும் ஆதிதிராவிடர் நிதியிலிருந்தே செலவு எழுதிவிடுவார்கள். ஊராட்சியின் பொதுப் பணம் முழுக்க ஊர்த் திடலுக்குப் போகும். உத்தப்புரத்தில் 1989இல் கட்டிய சுவரை 2008இல் இடிக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது? செங்கல் சுவரையாவது இடிக்கலாம். நாமே மனுப் போட்டுக் கட்டிக்கொண்ட சுவரை எப்படி இடிப்பது? ஆகவே என் நிலைப்பாடு இதுதான்: பொதுத் திடல் பொதுப் பணத்தில் இருக்க வேண்டும், அதில் நாம் இறங்க வேண்டும். சேரிக்குள் பிள்ளைகள் ஆட இடமும் வேண்டும். ஆனால் அது பொதுத் திடலுக்குப் பதிலாக அல்ல. நம் நிதி, அதற்கு மேலே நமக்குப் பயிற்சிக்கும் சத்துணவுக்கும் விடுதிக்கும்.

கொடுப்பதாகச் சொன்னவையும் யார் கைக்கு வந்தன என்று பாருங்கள். 2020இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் என்று ஊராட்சிக்கு ஊராட்சி மன்றம் அமைத்தார்கள். 2024இல் கலைஞர் பேரில் 33 வகை விளையாட்டுச் சாமான்களைப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கொடுத்தார்கள். பேர் மாறியது. பீரோவின் சாவி மாறியதா? சாவி யாரிடம் என்பதுதான் அரசியல். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 தொடங்கி 2006வரை தனி ஊராட்சிக்குத் தலைவரே இல்லாமல் வைத்திருந்தது இந்தச் சாவிக்காகத்தான். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிச் சாய்த்தது இந்தச் சாவிக்காகத்தான். 2025 ஜனவரி 5ஓடு மதுரை மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் இல்லாமல் தனி அலுவலர் கைக்குச் சாவி போனது. நாம் கேட்க வேண்டிய ஆளே மாறிப்போனார்.

நம்ம மன்றத்துப் பிள்ளைகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கட்சிக்காரர் படம் போட்ட பனியன் சும்மா கிடைக்கிறது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு போய் ஊராட்சியில் கணக்குக் கேட்க முடியாது. நன்கொடை, வாயை மூடுவதற்கு முன்பணம். உரிமைக்கு யார் படமும் வேண்டியதில்லை. நம்ம மதுரைச் சக்கிமங்கலம் ரேவதி வெறுங்காலோடு ஓடிப் பழகித்தான் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார் என்று எல்லோரும் புல்லரிக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு பிள்ளைக்குச் செருப்புக்கூடக் கொடுக்காத நாடு, ஜெயித்த பிறகு வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது. ஒவ்வொரு கிராமசபையிலும் எழுத்தில் கேளுங்கள்: இந்த ஊராட்சியில் விளையாட்டுக்கு வந்த பணம் எவ்வளவு, சாமான் என்னென்ன, எங்கே இருக்கிறது, சாவி யாரிடம்? பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மாணவர்கள் எழுதிக் கொடுங்கள். 2024 சட்டத்தின்படி நம் நிதி எந்தத் தலைப்பில் செலவானது என்று மாவட்ட அளவில் கேளுங்கள். ‘பொது’ என்று எழுதிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ‘எந்தப் பொது’ என்று கேளுங்கள். திடலில் தனியாக இறங்காதீர்கள், கூட்டமாக இறங்குங்கள், பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள்.

பந்தல்காரர் பாக்கியைக் கட்டுவோம். அவரும் உழைக்கிற ஆள்தான். அதைக் கட்டிய கையோடு நோட்டின் மறுபக்கத்தைத் திருப்பி அரசின் முன்னாலும் ஊரின் முன்னாலும் வைப்போம். அந்தப் பக்கத்தில் அவர்கள் கட்ட வேண்டிய பாக்கி நிற்கிறது. வசூலிக்க வேண்டியவர்கள் நாம்.