கறுப்புக் காயும் ராகுகாலமும்

ஏனாத்தூரில் பட்டு நெசவு செய்யும் தோழர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். சதுரங்கப் பந்தயத்துக்குப் போகவேண்டிய அவர் மகன் மூலையில் அழுதுகொண்டிருந்தான். காரணம் கேட்டோம். "புறப்படுகிற நேரம் ராகுகாலங்க. முதல் ஆட்டமே கறுப்புக் காயாம். கலியாணப் புடவையில் ஓர் இழை கறுப்பு ஓட்டச் சம்மதிப்பார்களா? அது ஆகாதுங்க" என்றார் தகப்பனார்.

தோழர்களே! 2024-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் நடந்தது என்ன? உலகப் பட்டத்துக்கான 14-வது ஆட்டம், அதுவே கடைசி. அதுவரை இருவருக்கும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. ஒருவர் சீன தேசத்துச் சாம்பியன் டிங் லிரன். மற்றவர் சென்னைப் பிள்ளை குகேஷ், வயது 18. குகேஷுக்கு வாய்த்தது கறுப்புக் காய். கிழமையோ வியாழன். ஆட்டம் தொடங்கியபோது நம் ஊரில் பகல் மணி 2.30. பஞ்சாங்கப்படி 1.30 முதல் 3 வரை அசல் ராகுகாலம்! சிங்கப்பூரில் அப்போது மாலை 5 மணி, அங்கே ராகுகாலமில்லை. ராகு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிறார் என்று கேட்கின்றோம். நல்ல நேரமோ கெட்ட நேரமோ, ஒரே நேரத்தில் உட்கார்ந்த இருவரில் ஒருவர் வென்று மற்றவர் தோற்றது எப்படி?

சமமாக முடியுமென்று பலரும் எண்ணிய ஆட்டத்தைக் குகேஷ் விடாமல் ஆடினார். 55-வது நகர்த்தலில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானைக்கு யானை வெட்டி, மூலையில் கிடந்த மந்திரிக்கு எதிரே தம் மந்திரியைக் கொண்டுவந்தார். அதுவும் மாறிப்போனால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களுமே. சிப்பாய் ஒன்று கூடுதலாக இருந்தது குகேஷிடம். 58-வது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷின் மொத்தப் புள்ளி எவ்வளவு? ஏழரை! ஏழரைக்குப் பயந்து எள் விளக்கேற்றுவோர் சற்று யோசிப்பார்களாக.

வெள்ளைக் காய்க்கு முதலில் நகரும் சௌகரியம் உண்டு, மறுக்கவில்லை. அது ஆட்டத்தின் விதி, கிரகத்தின் பலனல்ல. அதை முறியடிக்கும் வழி அப்பியாசமே. குகேஷ் 2019-இல், 12 வயதிலேயே, கிராண்ட்மாஸ்டர் ஆனது ஜாதகக் கட்டத்தைப் பார்த்தல்ல, 64 கட்டங்களைப் பார்த்து.

தறியில் பாவு அறுந்தால் ராகு வந்தா முடிச்சுப் போடுகிறார்? நெசவாளி விரலல்லவா போடுகிறது! அந்த விரலை நம்புகிறவர் மகனின் மூளையை நம்பக்கூடாதா? அன்று போன பந்தயத்தை எந்தப் பஞ்சாங்கமும் திருப்பித் தராது. அடுத்த பந்தயத்துக்காவது, தோழரே, பஞ்சாங்கத்தை வீட்டில் அடைத்துவிட்டுப் பிள்ளையை வெளியே அனுப்பும்!