பனிநாள் யாருக்கு விடுமுறை?

“நீர் நிக்கிறீர்தானே?”

2022 ஜனவரி 17, திங்கட்கிழமை காலை என் கணவர் கேட்டது இவ்வளவுதான். பள்ளிக்கூடம் பூட்டு, சின்னவனின் பராமரிப்பு நிலையமும் பூட்டு என்ற செய்தி எங்கள் இருவருடைய கைத்தொலைபேசிக்கும்தான் வந்தது. அவர் தன்னுடையதைப் பார்த்துவிட்டு, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே கேட்டார். அந்தத் ‘தானே’யில் கேள்வி முடிந்துவிட்டது. நான் பதில் சொன்னேனா என்பதுகூட இப்போது ஞாபகமில்லை.

அன்று ரொறன்ரோவில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. நகரின் சில இடங்களில் 50 சென்ரிமீற்றருக்கும் மேல். ஒமிக்ரோனால் இரண்டு கிழமை வீட்டிலிருந்தே இணையத்தில் படித்த பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்ப இருந்த முதல் நாளும் அதுதான். அந்தத் திங்களை நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு வயதுக்காரியையும் மூன்று வயதுக்காரனையும் வைத்துக்கொண்டு, கணவர் வீட்டில் நிற்கும் நேரமாகப் பார்த்து வார இறுதியும் இரவுமாக வேலை செய்து களைத்திருந்தேன்.

என் வேலை பி.எஸ்.டபிள்யூ. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுப்பது. போனால்தான் சம்பளம். திங்கட்கிழமை என்னுடைய முதல் வீட்டு அம்மாவுக்குக் குளிக்கும் நாள். வரமுடியாது என்று சொன்னதும் மறுமுனையில் ஒரு பெருமூச்சு. வேறொருத்தியை அனுப்பினார்கள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். அவற்றைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுப் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பனி எல்லார் தலையிலும்தான் கொட்டியது. ஆனால் அன்று கைமாறிய வேலையெல்லாம் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணிடம்தான் போனது. அடுத்த கிழமை என் அட்டவணையில் மணித்தியாலங்கள் குறைந்திருந்தன. காரணம் யாரும் சொல்லவில்லை.

இனி அந்த ‘அனுபவியுங்கள்’ கதைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு மாரியிலும் பத்திரிகைகளும் பெற்றோருக்கான கையேடுகளும் தாய்மாருக்குப் புத்தி சொல்லும். பனிநாளை அனுபவியுங்கள், பனிமனிதன் செய்யுங்கள், சுடச்சுடக் கொக்கோ போட்டுக் கொடுங்கள், சேர்ந்து பிஸ்கற் சுடுங்கள். தலைப்பில் ‘பெற்றோர்’ என்று இருக்கும், படத்தில் அம்மா நிற்பாள். இதில் எது வேலை இல்லை? இரண்டு பிள்ளைகளுக்குப் பனிக்காற்சட்டை, ஜக்கெற், கழுத்துச்சுற்றி, தொப்பி, சப்பாத்து, கையுறை எல்லாம் மாட்டி, பெருவிரல் சரியான இடத்தில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, கதவைத் திறக்கும்போது “அம்மா, ஒண்டுக்கு” என்பான் சின்னவன். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வெளியே நின்றது கால் மணித்தியாலம். திரும்பி வந்தால் நடைபாதை முழுக்கத் தண்ணீர், சூடாக்கியின் மேல் வரிசையாக ஈரக் கையுறைகள். பிறகு கொக்கோ, பிறகு கொக்கோ ஊற்றுப்பட்ட பாய்.

பின்னேரம் கணவர் வந்தார். நல்ல மனிதர், இதை எழுதுகிறேன் என்று அவருக்கும் தெரியும். பிள்ளைகளை இருபது நிமிடம் வெளியே கூட்டிப்போய்ப் பனியில் உருட்டி விளையாட்டுக் காட்டினார். நான் படம் எடுத்தேன். படம் குடும்ப வட்ஸ்அப்புக்குப் போனது. லண்டனிலிருந்து மச்சாள் எழுதினா: “குடுத்து வைச்ச பிள்ளையள், இப்பிடி ஒரு அப்பா!” காலையிலிருந்து நடந்த எதற்கும் படம் இல்லை, ஏனென்றால் படம் எடுக்கிறவள் நான்.

‘யாருக்குச் சம்பளம் குறைவோ அவர்தானே நிற்க வேண்டும், இது வெறும் கணக்கு’ என்பார்கள். கணக்கென்றால் முழுவதையும் பார்ப்போம். முதியவர்களைக் குளிப்பாட்டும் வேலைக்கு ஏன் சம்பளம் குறைவு? பெண்கள் அதை வீட்டில் சும்மா செய்கிறார்கள் என்பதால். சம்பளம் குறைவென்பதால் திரும்பவும் வீட்டில் நின்று சும்மா செய்ய வேண்டும். இந்தக் கணக்கை எங்கே தொடங்கினாலும் குசினியில்தான் வந்து முடியும்.

ஆனால் நம்முடைய கூட்டங்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பிள்ளை வளர்ப்பைச் சுமை, சுரண்டல் என்று மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். அன்று மத்தியானம் மூவரும் யன்னலோரம் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டபோது, வெளியே தெருவே இல்லை. வெள்ளை மட்டும். மகள் கண்ணாடியில் ஊதி, விரலால் ‘அ’ எழுதினாள். அவள் தானாக எழுதிய முதல் தமிழெழுத்து அது. அதைச் சுமை என்று எழுத என் கை வராது.

எனக்கு வடமராட்சியில் இதே மாதிரி நாள்கள் இருந்தன. 1996க்குப் பிறகு, ஊரடங்கு என்றால் பள்ளிக்கூடம் இல்லை. எங்களுக்குத் திருவிழா. முற்றத்தில் கிளித்தட்டு, மத்தியானம் ஒடியல்மாப் பிட்டு. அம்மா எங்களோடு சிரித்துக்கொண்டுதான் இருந்தா. அரிசி எத்தனை நாளுக்குக் காணும், வெளியே போன மாமா எங்கே நிற்கிறார் என்றெல்லாம் அவ மனத்துக்குள் ஓடியிருக்கும் என்பது இந்த ஸ்காபரோ யன்னலடியில்தான் எனக்கு உறைத்தது. போரையும் பனியையும் நான் ஒப்பிடவில்லை. பிள்ளைகளின் திருவிழாவுக்குப் பின்னால் ஒருத்தி சிரித்தபடியே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கணக்கை இல்லாமல் ஆக்கலாம். ஒன்ராறியோச் சட்டப்படி குடும்பப் பொறுப்புக்கென்று வருடத்துக்கு 3 நாள் விடுப்பு உண்டு, சம்பளம் இல்லாமல். 2018இல் அவசர விடுப்பு 10 நாளாக இருந்தது, முதல் 2 நாளுக்குச் சம்பளமும் இருந்தது. ஆட்சி மாறியது, ஒரே வருடத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள்! அதுகூடப் பொறுக்கவில்லை. எனக்கு வேண்டியது கொக்கோ செய்முறை இல்லை, அந்த இரண்டு நாளும் அதற்கு மேலும். கணவரின் தொழிற்சாலையிலும் அதே நாள்கள் வேண்டும், அவரும் எடுக்க வேண்டும்.

சுவீடனில் கார்ல்ஸ்கூகா என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே பனி அள்ளும் ஒழுங்கை ஆண், பெண் கண்ணோட்டத்தில் சரிபார்த்தார்கள். கார்கள் ஓடும் பெருந்தெருக்களுக்கு முதலிடம், பெண்கள் அதிகம் நடக்கும் நடைபாதைகளுக்குக் கடைசி இடம் என்று இருந்ததைத் திருப்பிப் போட்டார்கள். பனியில் விழுந்து அடிபடுகிறவர்களில் நடந்து போகிறவர்களே கூட, அவர்களிலும் பெண்களே கூட. எங்கள் தெருவில் பனிவண்டி வந்து, தெருப்பனியை எல்லாம் நடைபாதையில் குவித்துவிட்டுப் போனது. பராமரிப்பு நிலையம் திறந்த அன்று, சின்னவனின் தள்ளுவண்டியைக் கார்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனேன்.

அன்றிரவு விளக்கை அணைக்கும்போது மகள் கேட்டாள்: “அம்மா, நாளைக்கும் ஸ்நோ கொட்டுமா?”

அவள் குரலில் அவ்வளவு ஆசை. நான் இருட்டில் எட்டு மணித்தியாலத்தை என் மணிக்கூலியால் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

“கொட்டாது குஞ்சு, படுங்கோ” என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.