அடுப்பில் போடாதீர்கள், சுவரில் மாட்டுங்கள்!

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்புவது அபூர்வம். விபூதி வாங்குவார்கள். குங்குமம் வாங்குவார்கள். அதோடு ஒரு படமும் வாங்குவார்கள்.

அண்ணாமலையார் படம், உண்ணாமுலை அம்மன் படம், உச்சியில் தீபம் எரியும் மலையின் படம், ரமண மகரிஷி படம், சேஷாத்திரி சுவாமிகள் படம். கோவிலைச் சுற்றியுள்ள கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும்.

படம் மலிவு. ஆனால், அதற்குக் கண்ணாடியும் சட்டமும் போட வேண்டும் என்றால்? படத்தின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகும்!

ஆகவே, பலர் என்ன செய்கிறார்கள்? படத்தைச் சுருட்டிக்கொண்டு போய், பீரோவின் மேல் வைக்கிறார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அந்தப் "பிறகு" வருவதே இல்லை. படம் மடிந்து, கறை படிந்து, பூச்சி அரித்துப் பாழாகிறது.

சாமி படத்துக்கு மட்டும் அல்ல. தாத்தா, பாட்டியின் போட்டோவுக்கும் இதே கதி தான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஊர்த் தச்சுப் பட்டறையின் மூலையில் அது கிடக்கிறது. அதைத் தான் நாம் எடுத்து வந்து அடுப்பில் போடுகிறோம்!

தூளில் பிறந்த பலகை

இப்போது கட்டுகிற வீடுகளில் தேக்கு அலமாரி குறைந்துவிட்டது. அலமாரி, மேஜை, சமையல் அறைப் பெட்டி எல்லாம் "பார்ட்டிகிள் போர்டு" என்ற பலகையில் செய்கிறார்கள். தமிழில் இதைத் துகள் பலகை என்று சொல்லலாம்.

மரத்தூளையும் மரச்சீவலையும் பசையோடு கலக்கிறார்கள். சூடு காட்டி, பெரிய எந்திரத்தில் வைத்து அழுத்துகிறார்கள். பலகை தயார்! கரும்புச் சக்கையிலும் இதைச் செய்யலாம்.

இந்தப் பலகை 1930, 40-ம் ஆண்டுகளில் ஜெர்மனியில் உருவாயிற்று. அங்கே நல்ல மரம் கிடைப்பது அரிதாக இருந்தது. மரம் அறுக்கும்போது வீணாகும் தூளையும் சீவலையும் ஏன் பயன்படுத்தக்கூடாது என்று யோசித்தார்கள்.

அதாவது, வேண்டாம் என்று ஒதுக்கிய பொருளில் இருந்து பிறந்தது தான் இந்தப் பலகை. அதையே மறுபடியும் "வேண்டாத துண்டு" என்று நாம் ஒதுக்கலாமா?

ஒரு முழுப் பலகை பெரும்பாலும் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் இருக்கும். அலமாரிக்கு அறுத்தது போக, முழ நீளத்திலும் சாண் அகலத்திலும் துண்டுகள் மிஞ்சும். இந்தத் துண்டுகளால் அலமாரிக்காரருக்குப் பயன் இல்லை. ஆனால், படச் சட்டத்துக்கு அதுவே தாராளம்!

விறகு அல்ல, விஷம்!

"துண்டுப் பலகை தானே! வெந்நீர் அடுப்புக்கு ஆகும்" என்று எடுத்துப் போகிறவர்கள் உண்டு. இது பெரிய தவறு.

வேப்ப மர விறகும் இதுவும் ஒன்று அல்ல. இதில் மரத்தோடு பசையும் இருக்கிறது. பெரும்பாலும் யூரியா பார்மால்டிஹைடு என்ற பசை. பலகை எரியும்போது, பார்மால்டிஹைடு முதலிய நச்சு வாயுக்கள் புகையோடு வரும். கண் எரியும். தொண்டை கரகரக்கும். இருமல் வரும்.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, "பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது" என்று 2004-ம் ஆண்டில் அறிவித்தது. பலகையின் மேல் பளபளப்பான தாள் ஒட்டி இருந்தால், அதுவும் சேர்ந்து எரியும். அந்தப் புகை இன்னும் கேடு.

இந்தப் புகையை முதலில் சுவாசிப்பது யார்? அடுப்பை ஊதுகிற தாயார் தான். அவர் அருகில் நிற்கும் குழந்தை தான்!

நாலு துண்டு விறகு மிச்சம் என்று நினைத்து, வீட்டுப் பெண்களின் நெஞ்சில் புகையை ஏற்றுவது சிக்கனம் ஆகுமா?

சாமி படத்துக்கு இது தகுமா?

"மிச்சப் பலகையில் சாமி படத்தை மாட்டுவதா? அது மரியாதையா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி தான். ஆனால், நம் வீட்டுச் சுவருக்குச் சாமி படம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் ஓவியம் அரண்மனைகளிலும் செல்வர் வீடுகளிலும் தான் இருந்தது. ஓவியர் ரவி வர்மா 1894-ம் ஆண்டில் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். லட்சுமி, சரசுவதி படங்கள் வண்ணத்தில் அச்சாகி வந்தன. ஏழை வீட்டிலும் சாமி படம் ஏறியது.

தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர், ஓவியர் சி. கொண்டைய ராஜு (1898-1976). இவர் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். துறவு நாட்டத்தால் திருவண்ணாமலைக்கு வந்து, ரமணாசிரமத்தில் சில காலம் தங்கி இருந்தார். பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதினார். கடைசியில் கோவில்பட்டியில் குடியேறினார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்களைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டரில் அச்சிட்டன.

ஆண்டு முடிந்ததும் நம் தாய்மார்கள் என்ன செய்தார்கள்? தேதித் தாளைக் கிழித்துவிட்டு, படத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். கண்ணாடி போட்டு மாட்டினார்கள். பொட்டு வைத்துக் கும்பிட்டார்கள். காலம் முடிந்த காலண்டர் என்பதால் முருகனின் மதிப்பு குறைந்துவிட்டதா?

தஞ்சாவூர் ஓவியங்களையும் பாருங்கள். முன்பு பலாப் பலகையில் செய்தார்கள். இப்போது பிளைவுட்டில் செய்கிறார்கள். பலகை மாறியது. பக்தி மாறவில்லை.

ஆகவே, மரியாதை பலகையின் விலையில் இல்லை. படத்தைச் சுருட்டிப் போடாமல், சுத்தமாக மாட்டி வைப்பதில் தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள்

10 அங்குல நீளம், 8 அங்குல அகலம் உள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். இதற்கு எவ்வளவு பலகை வேண்டும்?

ஒன்றரை அங்குல அகலத்தில் நாலு பட்டைகள் வேண்டும். இரண்டு பட்டைகள் பன்னிரண்டரை அங்குல நீளம். மற்ற இரண்டும் பத்தரை அங்குல நீளம். அறுக்கும்போது ரம்பம் தின்னும் தூளையும் சேர்த்து, 13 அங்குல நீளமும் 7 அங்குல அகலமும் உள்ள ஒரு துண்டு போதும்!

பட்டைகளின் முனையை 45 டிகிரி சாய்வாக அறுக்க வேண்டும். நாலையும் பசை போட்டு ஒட்டினால் சட்டம் ஆகிவிடும்.

கண்ணாடி உட்காருவதற்குப் பின்புறம் ஒரு படி வேண்டும். தேக்குச் சட்டத்தில் இதற்குக் காடி எடுப்பார்கள். துகள் பலகையில் காடி எடுத்தால் ஓரம் உதிரும். ஆகவே, வேறொரு மெல்லிய துண்டில் இருந்து, முன்பட்டையை விட மூன்று நூல் அகலம் குறைவாகப் பட்டை அறுத்து, பின்பக்கம் வெளி ஓரத்தோடு ஒட்டுங்கள். படியும் கிடைக்கும். பின்பட்டையின் இணைப்பு முன்பட்டையின் மூலைக்கு நேராக வராமல் பார்த்துக்கொண்டால், மூலையும் உறுதியாகும்.

ஓரத்தில் ஆணி அடிக்காதீர்கள். பலகை பிளந்துவிடும். பசையே போதும். ஒரு நாள் காயட்டும்.

பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எல்லாப் பக்கமும் பெயிண்ட் அடியுங்கள். அறுத்த ஓரங்களில் இரண்டு தடவை அடிப்பது நல்லது. ஈரம் உள்ளே போகாது. வாடையும் வெளியே வராது.

முதலில் கண்ணாடி, பிறகு படம், பிறகு தடித்த வெள்ளைத் தாள், கடைசியில் அட்டை. போட்டோவாக இருந்தால், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சுற்றிலும் ஒரு காகித விளிம்பு வையுங்கள்.

பலகையை அறுப்பது பெரியவர்கள் வேலை. வெளியில் வைத்து அறுக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. ஒட்டுவதும் தேய்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யக்கூடிய வேலை.

எங்கே மாட்டக்கூடாது?

இந்தப் பலகைக்கு ஒரு பகை உண்டு. அது தண்ணீர். நனைந்தால் ஊதிவிடும். ஊதியது பழையபடி ஆகாது.

பூஜை அறையில் தினமும் ஈரப் பூமாலை போடுகிற படத்துக்கு இது வேண்டாம். மாலையில் இருந்து சொட்டும் தண்ணீர், அடிப் பட்டையைக் கெடுத்துவிடும். மழைக் காலத்தில் ஓதம் ஏறும் சுவரிலும் மாட்ட வேண்டாம். பெரிய நிலைக்கண்ணாடிக்கும் இந்தச் சட்டம் தாங்காது.

கூடத்தில், படிக்கும் அறையில், கடையில், பள்ளிக்கூடத்தில் மாட்டலாம். பல ஆண்டு இருக்கும்.

யார் என்ன செய்யலாம்?

தச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சாண் அகலத்துக்கு மேல் உள்ள துண்டுகளை ஒரு சாக்கில் தனியாகப் போட்டு வையுங்கள். கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். விறகுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பலகைக்குப் பணம் கொடுத்தவர் நீங்கள். மிச்சத் துண்டும் உங்களுடையது தான். கேட்டு வாங்குங்கள்.

பள்ளிக்கூடங்களில் கைத்தொழில் வகுப்புக்கு இதை விட மலிவான பாடம் கிடைக்காது. அளவு, கோணம், கணக்கு எல்லாம் இதிலேயே வந்துவிடும்.

இதனால் படக்கடைக்காரர் பிழைப்பு கெடும் என்று எண்ண வேண்டாம். சட்டம் போடப் பணம் இல்லாமல் படத்தைச் சுருட்டி வைத்தவர், இதுவரை அவருடைய வாடிக்கைக்காரரே அல்ல. இனிமேல் கண்ணாடி வெட்டவாவது கடைக்கு வருவார்.

இன்று குடும்பப் படங்கள் எல்லாம் செல்போனில் அடைந்து கிடக்கின்றன. செல்போன் கெட்டால் படமும் போயிற்று! அதில் இருந்து ஒரே ஒரு படத்தையாவது அச்சுப் போட்டு வாருங்கள். தாத்தா, பாட்டி படமாக இருக்கட்டும்.

சுவரில் மாட்டினால், வீட்டுக் குழந்தை ஒரு நாள் நிமிர்ந்து பார்த்து, "இது யார்?" என்று கேட்கும். நீங்கள் சொல்லுவீர்கள். அந்தப் பெயர் இன்னும் ஒரு தலைமுறைக்கு வீட்டில் நிற்கும்.

அடுத்த முறை கிரிவலம் போய் வரும்போது ஒரு படம் வாங்கி வாருங்கள். பட்டறையில் ஒரு துண்டுப் பலகையும் கேட்டு வாங்கி வையுங்கள்!