கோழி வளர்க்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

ஊரை விட்டு வந்த நம்மாட்கள் யாரைப் பார்த்தாலும் இப்போ ஒரே பேச்சு. "வீட்டுக்குப் பின்னால நாலு கோழி விட்டா என்ன சார்? முட்டை சும்மா கிடைக்குமே!" ஆரியசாலையில் ஐந்து கோழி வளர்ப்பவன் என்பதால் என்னிடம்தான் வருகிறார்கள். போதாக்குறைக்கு சொந்த ஊர் நாமக்கல். கேட்கணுமா?

முதலில் அந்த "சும்மா"வை எடுத்து விடுவோம். பேங்க்காரன் புத்தி, மன்னிக்கவும் :-)

முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 110 கிராம் தீனி தின்னும். ஐந்துக்கு மாசம் பதினாறரை கிலோ. நான் வாங்குவது கிலோ 40 ரூபாய். ஆக 660. நாளைக்கு மூன்று முட்டை என்றால் மாசம் 90. ஒரு முட்டைக்கு ஏழு ரூபாய்க்கு மேல் அடக்கம். எங்க ஊர் லாரியில் சாலைக் கடைத்தெருவில் வந்து இறங்கும் முட்டையும் ஏறக்குறைய அந்த விலைதான். கூடு, தடுப்பூசி, தங்கமணியின் உழைப்பு எதையும் நான் சேர்க்கவில்லை. மீந்த சோறும் காய்கறித் தோலும் போட்டால் செலவு குறையும். அதை மட்டுமே போட்டால் முட்டையும் குறையும்.

அப்புறம் அக்கம்பக்கம். ஆரியசாலையில் வீடுகள் சுவரோடு சுவர். விடியற்காலை நாலு மணிக்குச் சேவல் கூவினால் பக்கத்து வீட்டுச் சேச்சி எத்தனை நாள் பொறுப்பார்? சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும், குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். இது தெரியாமல் வாங்கி வந்து சண்டை போட்டவர்கள் உண்டு.

நோயையும் மறக்க வேண்டாம். வெள்ளைக் கழிச்சல் வந்தால் இரண்டே நாளில் கூடு காலியாகும். தடுப்பு மருந்து நூறு டோஸ் குப்பியாக வரும், திறந்தால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். அதனால் கோழி வளர்க்கும் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் போடுவது நல்லது. 2023 ஜனவரியில் நம் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, அழூர் பஞ்சாயத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் கோழி, வாத்து எல்லாவற்றையும் கொன்றார்கள். அது நம் தெருவுக்கு வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

பின்னே எதற்கு வளர்க்கிறாய் என்கிறீர்களா? என் மகளுக்காக. பள்ளிக்கூடத்தில் அவள் பேசுவது மலையாளமும் இங்கிலீஷும். கோழியிடம் மட்டும் சுத்தத் தமிழ். "பா... பா..." என்று ஊரில் அமுச்சி கூப்பிடும் அதே ராகம். முட்டையைச் சூடு ஆறுவதற்குள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடி வருவாள்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன்.

ஒன்றரை வயசுக்கு மேல் கோழிக்கு முட்டை குறையும். எங்கள் முதல் கோழி மினுக்கிக்கும் குறைந்தது. ஆபீஸில் தேய்மானம் போட்டுக் கழிப்பது போலவே நானும் யோசித்தேன். அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் கறிக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் கேட்டாள். "அமுச்சி ஊட்டுக்கு அனுப்பிட்டேன் சாமி" என்றேன்.

பெரிய லீவுக்கு ஊருக்குப் போனோம். காரை விட்டு இறங்கியதும் கொல்லைப்பக்கம் ஓடினாள். பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தாள், வைக்கோல் போர் பின்னால் பார்த்தாள், "மினுக்கி, மினுக்கி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். விஷயம் தெரியாத என் மாமியார், "எந்த மினுக்கி சாமி?" என்று கேட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். எதுவும் கேட்கவில்லை. அந்த லீவு முழுக்க என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

ஊரில் நாம் வளர்ந்தபோது யாரும் மறைக்கவில்லை. விருந்தாளி வந்தால் எந்தக் கோழி என்று நமக்கே தெரியும். அழுதோம், சாப்பிட்டோம். இங்கே கோழியைப் பொம்மை மாதிரி வாங்கிக் கொடுத்துவிட்டு, முடிவை மட்டும் பிள்ளைகளிடம் ஒளிக்கிறோம். என் கருத்து இதுதான்: முட்டை நின்ற பிறகு என்ன செய்வோம் என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யாமல் குஞ்சு வாங்காதீர்கள். அறுப்பதானால் அறுப்பது என்று சொல்லுங்கள். வைத்துக்கொள்வதானால் தீனிக் கணக்கு போடுங்கள். இரண்டும் நியாயம்தான், பொய்தான் நியாயமில்லை.

இப்போதுள்ள ஐந்தில் ஒன்று முட்டை நிறுத்தி மூன்று மாசம் ஆகிறது. அதன் தீனிச் செலவு மாசம் 132 ரூபாயை மகளே உண்டியலிலிருந்து எண்ணிக் கொடுக்கிறாள். நான் வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுக்கிறேன். உண்டியல் தீர்ந்தால் என்ன செய்வது என்றும் பேசி வைத்திருக்கிறோம்.