கடற்கரைக் கோரை களையா?

கடற்கரையைத் தூய்மை செய்யும் நாள்களில் நெகிழிப் பைகளோடு சில செடிகளும் பிடுங்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, மணல்மேட்டில் விறைத்து நிற்கும் ஒரு கோரை. மேற்கே குஜராத்திலும் கிழக்கே ஒடிசாவிலும் தெற்கே தமிழ்நாட்டிலும் இது வளர்கிறது. பிடுங்குவோர் இதனைப் புல் என்றும் களை என்றும் எண்ணுகின்றனர். இரண்டும் பிழையான எண்ணங்களே.

புல்லின் தண்டு பெரும்பாலும் உள்ளீடற்றது. இலைகள் இரண்டு வரிசைகளில் அமையும். கோரையின் தண்டோ உள்ளே நிறைந்தது. இலைகள் மூன்று வரிசைகளில் அமையும். பல கோரைகளின் தண்டை விரலிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். இந்தக் கோரையில் அவ்விளிம்புகள் மழுங்கியிருப்பதால், புல்லென மயங்குவோரை முழுவதும் குறைகூற இயலாது. ‘சைபெரஸ் அரீனேரியஸ்’ என்பது இதன் அறிவியல் பெயர். பின்சொல் மணலைச் சார்ந்தது எனப் பொருள்படும். பழுப்பு நிறச் சிறுகதிர்கள் ஒரே கொத்தாகத் திரண்டிருக்கும். பூவடியிலை தண்டின் தொடர்ச்சிபோல் நிமிர்ந்து நிற்பதால், கொத்து பக்கவாட்டில் முளைத்ததுபோல் தோன்றும்.

இதன் சிறப்பு மணலுக்குள் மறைந்துள்ளது. இதன் மட்டநிலத்தண்டு கயிறுபோல் நெடுந்தொலைவு ஓடி, கணுக்களில் வேர்விட்டு, ஆங்காங்கே மேலே தளிர்களை அனுப்புகிறது. ஆதலால் நூல் பிடித்து நட்டதுபோல் செடிகள் ஒரே வரிசையில் நிற்கும். பத்துச் செடிகளாகத் தெரிபவை உண்மையில் ஒரே செடியாக இருக்கலாம். ஒன்றைப் பிடுங்கினால் அக்கயிறே அறுபடும். கடற்காற்று கொணரும் மணல் இலைகளில் தடைபட்டு அடியில் படிகிறது. புதையுண்ட செடி மீண்டும் மேலெழுகிறது. மணல்மேடு இவ்வாறே வளர்கிறது. இராவணன் மீசையும் அடப்பங்கொடியும் இப்பணியில் இதற்குத் துணை நிற்கின்றன.

இச்சிறு கோரை பேரலையைத் தடுக்குமா எனச் சிலர் வினவலாம். தடுக்காது. பேரலையை எதிர்கொள்வது மணல்மேடு. அம்மேடு காற்றில் கலைந்துவிடாமல் பிணைத்து வைப்பதே கோரையின் பணி. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மணல்மேடுகளைச் சூழலியல் நோக்கில் மிக நுட்பமான பகுதிகளுள் சேர்த்துள்ளது. மேட்டிற்குச் சட்டக் காப்பு அளித்துவிட்டு, அதனைப் பிணைக்கும் வேரைப் பிடுங்குவது முரணான செயலாகும். மேட்டைச் சமன்செய்து புல்தரை விரிப்பதனை அழகுபடுத்துதல் என்பதும் பொருந்தாது. அப்புல்லுக்கு நன்னீர் பாய்ச்ச வேண்டும். கோரைக்கு மழைநீரே போதும்.

மேட்டில் கிடக்கும் நெகிழியைக் கையால் பொறுக்கலாம். தூய்மை செய்யும் இயந்திரத்தை அலை நனைக்கும் ஈரமணலோடு நிறுத்திக்கொள்ளலாம். கடல் காணச் செல்வோர்க்கு மேட்டின்மீது ஒரு பலகைப் பாதை போதும்.